தாயத்தா? டம்ளரா?

நமது நாட்டில் ஒரு குழந்தைக்கு ஏழெட்டு மாதமாகி, அது உட்காரவும் தவழவும் ஆரம்பித்துவிட்டதென்றால், அதற்கு என்ன வேண்டும் என்று யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவே இல்லை. பாட்டி கறுப்புக் கயிறு வேண்டுமென்பார். பூசாரி தாயத்து வேண்டுமென்பார். ஜோசியர் பரிகாரம் வேண்டுமென்பார். கடைக்காரர் விளக்கெரிந்து பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் யானை வேண்டுமென்பார். எதிர்வீட்டார் "இன்னுமா வாக்கர் வாங்கவில்லை?" என்று கேட்பார்கள். இத்தனை பேரில் ஒருவராவது அந்தக் குழந்தையின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து, அது என்னதான் செய்துகொண்டிருக்கின்றது என்று பார்த்துவிட்டு யோசனை சொல்லுகின்றார்களா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டியிருக்கின்றது.

பார்த்தால் என்ன தெரியும்? கையில் கிடைத்த கரண்டியை அது எடுக்கின்றது. வாயில் வைத்துச் சப்புகின்றது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகின்றது. தரையில் தட்டுகின்றது. பிறகு கீழே போடுகின்றது. நாம் எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகின்றது. பத்துத் தடவை எடுத்துக் கொடுத்தாலும் பதினோராவது தடவையும் போடத்தான் போடுகின்றது. நமக்குக் கோபம் வந்து, சேட்டை என்கின்றோம், பிடிவாதம் என்கின்றோம். இன்னும் சிலர் எந்தக் கண் பட்டதோ என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகின்றார்கள்.

ஆனால், அது செய்வது சேட்டையல்ல, சோதனையாகும். கரண்டி ஒவ்வொரு தடவையும் கீழேதான் விழுகின்றதா, ஒரு தடவையாவது மேலே போகின்றதா? தரையில் விழுந்தால் ஒரு சத்தம், பாயில் விழுந்தால் வேறு சத்தம் கேட்கின்றதே, அது என்ன? தான் போட்டால் அப்பா எடுத்துக் கொடுக்கின்றாரே, இனியும் கொடுப்பாரா? இவைகளையெல்லாம் யாரையும் கேளாமல் தானே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளுகின்றது. சாஸ்திரம் சொல்லிற்று, பெரியவர்கள் சொன்னார்கள் என்று ஒப்புக்கொள்ளாமல் எதையும் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து முடிவு செய்யும் மனிதன் இந்நாட்டில் எங்கே இருக்கின்றான் என்று யாராவது நம்மைக் கேட்டால், தொட்டிலை விட்டு இறங்கிய எட்டு மாதக் குழந்தையைத்தான் நாம் காட்டுவோம். பிற்பாடு அதைக் கெடுப்பதெல்லாம் நம்முடைய வேலை.

இதே பருவத்தில் மற்றொரு அதிசயமும் நடக்கின்றது. ஐந்து மாதக் குழந்தை ஆசையோடு கை நீட்டும் பந்தின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டால், பெரும்பாலும் அது பந்தையே மறந்துவிட்டதுபோல் வேறு பக்கம் திரும்பிவிடும். எட்டு ஒன்பது மாதமானால் அப்படி ஏமாறாமல் துணியை இழுத்துவிட்டுப் பந்தை எடுக்கும். கண்ணுக்குத் தெரியாமற் போனாலும் பொருள் அங்கேதான் இருக்கின்றது என்ற அறிவு வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ழான் பியாஜே என்ற அறிஞர் தம்முடைய மூன்று குழந்தைகளையும் கூடவே இருந்து கவனித்து இதை எழுதிவைத்தார். அவர் சொன்ன வயதுக்கு முன்னதாகவே இந்த அறிவு முளைவிடுகின்றது என்று பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் மறுத்தும் சொல்லியிருக்கின்றார்கள். மறுத்ததற்காக அவர்களை யாரும் நாஸ்திகர் என்று வையவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லுகின்றோம்.

இப்போது தாயத்து விஷயத்துக்கு வருவோம். இந்த வயதுக் குழந்தைக்கு வாய்தான் மூன்றாவது கை. எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். கரண்டியை வாயில் வைத்தால் "சீ, அழுக்கு" என்று பிடுங்கும் வீட்டிலேயே, அதே குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறும், கயிற்றில் தாயத்தும், கையில் கருமணியும், இடுப்பில் வெள்ளிக் குண்டும் தொங்குகின்றன. கரண்டியையாவது கழுவலாம். எண்ணெயும் வேர்வையும் எச்சிலும் ஊறிய அந்தக் கயிற்றை மாதக்கணக்காக அவிழ்ப்பதேயில்லை. கயிறு அறுந்தால் மணி தொண்டைக்குள் போகும். அறாவிட்டால், தவழும்போது கட்டில் காலிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கும். அறுந்தாலும் ஆபத்து, அறாவிட்டாலும் ஆபத்து என்று இருக்கும் ஒரு பொருளுக்குக் "காப்பு" என்று பெயர் வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்லுவது!

வசம்பு வளையலின் கதை இதைவிட மோசம். "பிள்ளை வளர்ப்பான்" என்று அதற்குப் பட்டம் வேறு. குழந்தையின் இரண்டு கையிலும் மாட்டிவிடுகின்றார்கள். அது பகலெல்லாம் கடித்துச் சப்புகின்றது. வசம்பிலுள்ள சத்து உடம்புக்குக் கெடுதி என்று அமெரிக்காவில் 1968-லேயே அதையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கக் கூடாதென்று தடை செய்துவிட்டார்கள். பெரியவர்கள் உணவிலேயே கூடாது என்று ஒதுக்கிய பொருளை, பல்கூட முளைக்காத குழந்தையின் வாய்க்கெதிரே கட்டித் தொங்கவிடுவது எந்த நியாயம் என்று கேட்கின்றோம். "எங்களுக்கெல்லாம் கட்டினார்களே, நாங்கள் நன்றாகத்தானே இருக்கின்றோம்?" என்று சிலர் சொல்லலாம். நன்றாக இருப்பவர்கள்தானே வந்து சொல்ல முடியும்? இல்லாமற் போனவர்கள் வந்து சாட்சி சொல்லப்போவதில்லையல்லவா?

இவைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுவின ஒரு எவர்சில்வர் டம்ளரைக் குழந்தையின் கையில் கொடுங்கள் என்றுதான் நாம் சொல்லுகின்றோம். தாயத்து என்ன செய்யும் என்பதைத் தாயத்துக் கட்டினவர்தான் சொல்லவேண்டும், குழந்தைக்குத் தெரியாது. டம்ளர் என்ன செய்யும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

நிற்க, மற்றொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வங்காளத்திலும் ஆந்திரத்திலும் முதல் சோறூட்டும் சடங்கன்று குழந்தையின் முன்னால் புத்தகம், பேனா, பொன், மண் முதலியவைகளைப் பரப்பி, அது எதை எடுக்கின்றதோ அதை வைத்து அதன் எதிர்காலத்தைச் சொல்லும் வழக்கம் உண்டு. இங்கும் சில வீடுகளில் இது தொற்றியிருக்கின்றது. பேனாவை எடுத்தால் கலெக்டராம், பொன்னை எடுத்தால் தனவானாம். குழந்தை எடுப்பது பக்கத்தில் இருப்பதை, அல்லது பளபளப்பதை. எதிர்காலம் தெரிய வேண்டுமென்று ஒரு நாள் ஐந்து சாமான்களைப் பரப்பிவைத்தவர்கள், அதே ஐந்து சாமான்களைத் தினந்தோறும் பரப்பி வைத்து, எடுத்துப் பார், தட்டிப் பார், இதை அதற்குள் போட்டுப் பார் என்று விட்டிருந்தால், எதிர்காலம் தெரிவதோடு நில்லாமல் எதிர்காலம் உண்டாகவும் செய்திருக்குமே! மறுநாளே பேனாவைத் தொட்டால் அடி, பொன்னைத் தொட்டால் அதட்டல் என்று ஆகிவிடுகின்றது.

நம்முடைய புலவர்கள் குழந்தையைக் கவனிக்கவே இல்லை என்றும் நாம் சொல்ல வரவில்லை. பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்த வகையே இருக்கின்றது. ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி. பிறகு நடந்து வருவது வருகை. இவைகளெல்லாம் வீட்டில் குழந்தையைக் கண்ணால் பார்த்தவன் வகுத்த பருவங்கள்தாம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண்டதெல்லாம் வீட்டுக் குழந்தையிடம். பாடியதெல்லாம் பெரும்பாலும் கோயில் குழந்தைக்கு. கூலிக்காரி பிள்ளை கைகொட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, முருகனையும் மீனாட்சியையும் கைகொட்டச் சொல்லிப் பாடிப் பரிசு வாங்கினார்கள்.

ஆனாலும் அந்தப் புலவர்கள் இன்றைய பொம்மைக் கடைக்காரரைவிட எவ்வளவோ மேல். ஏனெனில், பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் ஆண்பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் என்று பிரிக்கின்றார்கள். அந்தப் பிரிவினையும் நமக்குச் சம்மதமில்லை. ஆனால், நடக்கிற வயது வரையாவது விட்டுவைத்தார்கள். இன்றைய கடையில் ஆறு மாதத்திலேயே வேலி போட்டாய்விட்டது. ஒரு பக்கம் நீலத்தில் காரும் லாரியும் பந்தும். மறுபக்கம் ரோஜா நிறத்தில் அடுப்பும் சட்டியும் சீப்பும் கண்ணாடியும். பெண் குழந்தை சக்கரத்தை உருட்டினால் சக்கரம் உருளாதா? ஆண் குழந்தை கரண்டியைப் பிடித்தால் கை அழுகிவிடுமா? பெண் தவழ்ந்து வாசலுக்குப் போனால் "பொட்டைப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு துறுதுறுப்பு?" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுவதும், ஆண் போனால் "சிங்கக்குட்டி" என்று கைதட்டுவதும் நம் வீடுகளில் அன்றாடம் நடக்கின்றன. பின்னால் அவள் இருபது வயதில் தனியாகப் பஸ் ஏறப் பயப்படுகின்றாள் என்று குறை சொல்லுகின்றவர்கள், அவள் எட்டு மாதத்தில் எத்தனை தடவை வாசற்படியிலிருந்து திருப்பித் தூக்கிக்கொண்டு வரப்பட்டாள் என்பதைக் கணக்குப் பார்க்கட்டும்.

மூடநம்பிக்கை பழையதாக இருந்தால்தான் நாம் கண்டிக்கிறோம், புதியதென்றால் விட்டுவிடுகின்றோம் என்று யாரும் எண்ண வேண்டாம். வாக்கர் என்ற சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அதற்குள் உட்காரவைத்துவிட்டால் சீக்கிரம் நடக்கும் என்று நம்புகின்றார்கள். காலை ஊன்றி எழுந்து நிற்கவேண்டிய குழந்தை, உட்கார்ந்தபடியே நுனிக்காலால் உந்தி அறை முழுவதும் பாய்கின்றது. படியிலிருந்து உருளுகின்றது. அடுப்பங்கரைக்குப் போய்க் கொதிக்கும் பாத்திரத்தை எட்டுகின்றது. நடப்பதற்கு அது உதவி செய்யவில்லை, காயத்துக்குத்தான் உதவி செய்கின்றது என்று கண்டு, கனடா தேசத்தில் 2004-ல் அதை விற்கவே கூடாதென்று தடை செய்தார்கள். நம் ஊர்த் தச்சர் செய்யும் மர நடைவண்டியோ இதற்கு நேர்மாறானது. குழந்தை தானே பிடித்தெழுந்து, தன் காலில் தானே நின்று, தான் தள்ளினால்தான் நகரும். பிடித்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அதைக் கொடுக்கலாம். பழையது என்பதற்காக அதை ஒதுக்கி, சீமைச் சரக்கு என்பதற்காக இதை வாங்குவதும் ஒரு பக்திதான்.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுமா? முன்பெல்லாம் பூச்சாண்டி வருகிறான் என்று பயமுறுத்திச் சோறூட்டினோம். இப்போது செல்போனைக் காட்டி மயக்கி ஊட்டுகின்றோம். இரண்டிலும் குழந்தைக்குத் தான் என்ன தின்கின்றது என்றே தெரியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் திரையும் வேண்டாம் என்றும், வண்டியிலோ நாற்காலியிலோ ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாதென்றும், தரையில் விட்டுப் பலமுறை விளையாடச் செய்ய வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. திரையில் விழும் பந்தைக் குழந்தை எடுக்க முடியுமா? போட முடியுமா? கடிக்கத்தான் முடியுமா?

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது என்று தாய்மார்கள் கேட்கலாம். பணம் போட்டு வாங்கவேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை என்பதே நமது பதில். ஒரு அகலமான கூடையோ முறமோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டம்ளர் இரண்டு, மரக்கரண்டி ஒன்று, ஓரம் வழவழப்பாகத் தேய்த்த தேங்காய்ச் சிரட்டை, பழந்துணியைச் சுருட்டித் தைத்த பந்து, மூடியுள்ள பெரிய டப்பா, கதரும் பட்டும் சாக்குமாக விதவிதமான துணித்துண்டுகள் ஆகியவைகளைப் போட்டு, உட்காரும் குழந்தையின் முன்னால் வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இங்கிலாந்தில் எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற அம்மையார் இப்படிப்பட்ட கூடையைத்தான் உட்காரத் தெரிந்து நடக்கத் தெரியாத குழந்தைகளுக்குச் சிபாரிசு செய்து பேர் பெற்றார். அவர் சொன்னால் ஆராய்ச்சி, நம் அடுப்பங்கரையில் இருந்தால் தட்டுமுட்டுச் சாமான்!

முதலில் டம்ளரோடு டம்ளரை மோதும். பத்து மாதத்தில் சின்னதைப் பெரியதற்குள் போட்டு எடுக்கும். டப்பாவின் மூடியைத் திறக்கப் படாதபாடு படும். உடனே திறந்து கொடுத்துவிடாதீர்கள். பந்தைத் துணிக்குள் ஒளித்து "எங்கே?" என்று கேளுங்கள். அது செய்வதற்குப் பெயர் சொல்லுங்கள்: "விழுந்துவிட்டது", "உருளுகிறது", "உள்ளே போயிற்று" என்று. முகத்தை முந்தானையால் மூடித் திறப்பதும், கைவீசச் சொல்லுவதும், மடியில் வைத்துச் சாய்ந்தாடச் செய்வதும் நம் பாட்டிமார் அறிந்தவையே. பாட்டிமார் சொன்னது என்பதற்காக இவைகளை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. செய்து பார்த்துக் குழந்தை சிரித்தால், அது சரியான விஷயந்தான்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் உண்டு. குழந்தையின் வாய்க்குள் முழுவதும் போய்விடக் கூடிய எதுவும் ஆகாது. கடலை, புளியங்கொட்டை, சோளிகள், மணி, காசு, சொப்புச் சாமான், ஊதாத பலூன், உடைந்த பலூன் ஆகியவை எட்டாத இடத்தில் இருக்கட்டும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி கடும் விஷம். பூஜை முடிந்ததும் பிள்ளையாரின் கண் எங்கே போயிற்று என்று பாருங்கள். பாட்டுப் பாடும் பொம்மைக்குள் இருக்கும் பொத்தான்போன்ற பாட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்க ஆரம்பித்துவிடும். மந்திரித்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கடையில் பொம்மை வாங்கித்தான் தீரவேண்டுமென்றால், 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றது, அதைக் கேட்டு வாங்குங்கள். வர்ணம் உரியும் பொம்மை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

"டம்ளரைத் தட்டினால் அறிவு வந்துவிடுமா? அறிவு பிறவியிலேயே வரவேண்டியதல்லவா? தலையெழுத்தல்லவா?" என்று கேட்கும் வைதீகர்களுக்குச் சொல்லுகின்றோம். அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியாரே பெரும்பாலும் வாழும் ஜமைக்கா தீவில், கிங்ஸ்டன் நகரத்தில், 1986-87-ல் சாலி கிரந்தாம்-மக்கிரெகர் அம்மையாரும் அவரது சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத 129 ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சத்துணவு மட்டும், ஒரு பிரிவுக்கு விளையாட்டு மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டுமில்லை. விளையாட்டு என்றால் என்ன? அந்த ஊரிலேயே உள்ள, பெரும் படிப்பில்லாத சுகாதாரப் பணிப்பெண்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டு கையால் செய்த பொம்மைகளைக் கொடுத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. விளையாடிய குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மற்றவர்களைவிட மேலோங்கியது 1991-ல் பிரசுரமாயிற்று. அதோடு விடவில்லை. இருபது வருஷம் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்துச் சம்பாத்தியத்தைக் கணக்கிட்டார்கள். விளையாட்டுக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் என்று 2014-ல் வெளியிட்டார்கள். இதே முறையை ஒரிஸாவில் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் செய்து பார்த்தபோதும் குழந்தைகளின் அறிவு வளர்ந்தது.

பிரம்மா எழுதிய எழுத்தை வாரத்துக்கு ஒரு மணி நேரமும் நாலு பழைய டப்பாவும் அழித்து எழுதிவிட்டதென்றால், அந்த எழுத்துக்கு என்ன மரியாதை? இன்ன ஜாதியில் பிறந்தவனுக்கு இவ்வளவுதான் புத்தி என்று காலங்காலமாய்ச் சொல்லிவந்தவர்கள் இப்போது என்ன சொல்லுகின்றார்கள்?

கடைசியாக ஒன்று. வயலில் நாற்று நட்டுவிட்டும் மில்லில் வேலை பார்த்துவிட்டும் இருட்டுகிற நேரத்துக்கு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணைப் பார்த்து, குழந்தையோடு உட்கார்ந்து விளையாடு என்று உபதேசம் செய்வது சுலபம். அந்த வீட்டில் தகப்பன் என்று ஒருவர் இருக்கின்றாரா, இல்லையா? டீக்கடைப் பெஞ்சியில் உலக அரசியல் பேசும் நம் தோழர்களையே கேட்கின்றோம்: உங்கள் குழந்தைக்கு எந்தப் பொருள் பிடிக்கும், எதை ஒளித்தால் தேடும் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆண்பிள்ளை தரையில் உட்கார்ந்து டம்ளர் தட்டினால் கௌரவம் குறைந்துபோகும் என்பவர், நம் கூட்டத்தில் பெண்ணுரிமையைப் பற்றிப் பேச மேடையேறாமல் இருப்பது நல்லது.

சர்க்காரும் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆறு மாதமான குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகச் சத்துமாவு கொடுக்கப்படுகின்றது. அது நல்ல காரியம். வயிற்றுக்கு மாவு கொடுக்கும் இடத்தில் மூளைக்கு என்ன கொடுக்கின்றார்கள்? மூன்று வயது வரையுள்ள குழந்தைகளோடு வீட்டில் எப்படி விளையாடுவது என்று சொல்லும் "நவசேதனா" என்ற திட்டத்தை 2024-ல் மத்திய அரசு வெளியிட்டிருக்கின்றது. அதைக் கிராமத்துத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் ஏற்கனவே எடை போட்டு, பதிவேடு எழுதி, செல்போனில் கணக்கேற்றி ஓய்ந்துபோயிருக்கும் அங்கன்வாடி ஊழியர்தான். அவருக்கு உதவிக்கு இன்னொரு ஆளும் நியாயமான சம்பளமும் கொடுக்காமல் திட்டத்தை மட்டும் அச்சடித்தால் அதுவும் இன்னொரு தாயத்தாகத்தான் இருக்கும். ஆகவே, அடுத்த தடவை மாவு வாங்கப் போகும் தாய்மார்களும், அவர்களுக்குப் பதிலாகப் போகும் தகப்பன்மார்களும், மாவுப் பையை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடாமல், "பத்து மாதமாகிறது, என்ன விளையாட்டுச் சொல்லித் தருகின்றீர்கள்?" என்று கேட்கட்டும். கேட்கும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகட்டும், கையில் டம்ளரோடு.